ரோடு சேஃப்டிக்கு அஞ்சு மார்க்

தமிழ்செல்வி: “ரெஸ்பெக்டட் ஹெட்மாஸ்டர், டீச்சர்ஸ் அண்ட் மை டியர் ஃபிரெண்ட்ஸ்...” ஏங்க, இதுக்கு அப்புறம் இன்னா வரும்?

ரத்தினவேல்: எ வெரி குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல்.

தமிழ்செல்வி: ஒன்னுக்கும் ஆலுக்குமா? ஒன்னு யாரு?

ரத்தினவேல்: ஒன்னு நீ. ஆல்னா இந்த பஸ்ல காலியா கிடக்குற மிச்சம் அம்பத்தொரு சீட்டு.

தமிழ்செல்வி: சிரிப்பு காட்டாதீங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பரீட்சை. பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ். போன தடவ மாதிரி இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சுன்னா, லைன் லீடர் போஸ்ட்டு அவ்ளோதான்.

ரத்தினவேல்: நானா சிரிக்கிறேன்? கம்பெனி பஸ்ல பொண்டாட்டிய ஏத்திக்கிட்டு, ஜவளகிரிக்கு ஷிஃப்டு ஆளுங்கள கூப்பிடப் போற வழியில பாடம் நடத்துற டிரைவர் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்.

தமிழ்செல்வி: எங்க போறோம்? இருபது நிமிசமா இந்த வளைவுலயே நிக்கிறோம்.

ரத்தினவேல்: யானை ரோட்டைக் கடக்குதுன்னு ஃபாரஸ்ட் வாட்சர் சிவப்புத் துணியக் காட்டி நிறுத்திட்டாரு. நான் என்ன பண்ண? யானைக்கு சிக்னல் போட்டா நிக்கும்?

தமிழ்செல்வி: ஜவளகிரில ஆளுங்க காத்துட்டு இருப்பாங்களே.

ரத்தினவேல்: சூப்பர்வைசருக்கு போன் போட்டாச்சு. யானைன்னு சொன்னா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். டயர் பஞ்சர்னா தான் ஆயிரம் கேள்வி. நீ படி.

தமிழ்செல்வி: படிக்கிறேன்... படிக்கிறேன்... தலைப்பு எது?

ரத்தினவேல்: போன வருஷ கொஸ்டின் பேப்பர்ல என்ன இருக்கு?

தமிழ்செல்வி: “நீ உன் பள்ளியின் மாணவர் தலைவர். காலை வணக்கக் கூட்டத்தில் பேச, மரம் வளர்ப்பதன் அவசியம் குறித்து ஒரு உரை எழுதுக.” அஞ்சு மார்க்.

ரத்தினவேல்: அப்ப மரத்தையே எழுது. சுத்திலும் மரம்தான் நிக்குது. பார்த்துப் பார்த்து எழுதலாம்.

தமிழ்செல்வி: ட்ரீ இஸ் வெரி... பச்சை.

ரத்தினவேல்: பச்சைக்கு இங்கிலீஷ் தெரியாதா?

தமிழ்செல்வி: தெரியும்ங்க. க்ரீன். ட்ரீ இஸ் வெரி க்ரீன். அப்புறம்?

ரத்தினவேல்: அப்புறம்... ட்ரீ கிவ்ஸ் ஃப்ரூட். ட்ரீ கிவ்ஸ் ஷேடோ.

தமிழ்செல்வி: அப்புறம்?

ரத்தினவேல்: அப்புறம்... தேங்க் யூ.

தமிழ்செல்வி: மூனு வரிலயே தேங்க் யூவா? அரைப் பக்கம் எழுதணுமாங்க. மரம் வேணாம். போன வருஷம் கேட்டதத் திரும்பக் கேப்பாங்களா? இந்த வருஷம் ரோடு சேஃப்டிதான் வரும்.

ரத்தினவேல்: யார் சொன்னா?

தமிழ்செல்வி: மோகனப்ரியா.

ரத்தினவேல்: உங்க லைன்ல ஸ்க்ரூ மாட்டுற மோகனப்ரியாவா? அவளுக்கு எப்படித் தெரியும்?

தமிழ்செல்வி: அவ சித்தப்பா ஊட்டுப் பக்கத்துல ஒரு வாத்தியார் இருக்காரு.

ரத்தினவேல்: அவர்தான் கொஸ்டின் பேப்பர் எடுக்குறாராக்கும்?

தமிழ்செல்வி: பக்கத்துலதான் இருக்காருன்னு சொன்னேன். சொல்லுங்க, ரோடு சேஃப்டி. நான் எழுதிக்கிறேன். இந்தாங்க, வேணாம், நீங்களே எழுதுங்க. என் கையெழுத்து எனக்கே புரியாது.

ரத்தினவேல்: நானா எழுதணும்?

தமிழ்செல்வி: நீங்க பிளஸ் டூ. நான் ஒம்போதோட நின்னவ. யார் எழுதணும்?

ரத்தினவேல்: ...குடு நோட்ட. பேனா எங்க?

தமிழ்செல்வி: உங்க பாக்கெட்லதான் இருக்கு. ரெண்டு இருக்கு. இன்னாத்துக்கு ரெண்டு பேனா?

ரத்தினவேல்: டிரிப் ஷீட் எழுத. ஒன்னு நின்னு போச்சுன்னா இன்னொன்னு. சரி, தொல்லை பண்ணாத. ரோடு சேஃப்டி... “ரோடு சேஃப்டி இஸ் வெரி இம்பார்ட்டன்ட்.”

தமிழ்செல்வி: பாருங்க, வந்துடுச்சு. அப்புறம் நானு... “ஹெல்மெட் இஸ் வெரி சேஃப்டி.”

ரத்தினவேல்: அது சரியா வரலையே. “ஹெல்மெட் கிவ்ஸ் சேஃப்டி.”

தமிழ்செல்வி: கிவ்வா, கிவ்ஸா?

ரத்தினவேல்: ஹெல்மெட் ஒன்னுதானே? ஒன்னா இருந்தா எஸ் போடணும். கிவ்ஸ். நிறைய ஹெல்மெட்டா இருந்தா எஸ் ஹெல்மெட்டுக்குப் போயிடும். அப்ப ஹெல்மெட்ஸ் கிவ்.

தமிழ்செல்வி: அய்யோ, ஒரே ஒரு எஸ்ஸு, அங்கயும் இங்கயும் இடம் மாத்துதா.

ரத்தினவேல்: நைட் ஷிஃப்ட், டே ஷிஃப்ட் மாதிரி வெச்சுக்க. ரெண்டுலயும் ஒரே ஆளு இருக்க முடியாது.

தமிழ்செல்வி: இத யாருங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?

ரத்தினவேல்: அது... ஸ்கூல்ல. அப்பவே. பிளஸ் டூல.

தமிழ்செல்வி: பன்னெண்டு வருசமா மறக்காம வெச்சிருக்கீங்களே. எனக்கு நேத்து வெச்ச குழம்பே மறந்துடுது.

ரத்தினவேல்: எங்களுக்கும் அது மறந்தா தேவல. சரி, அடுத்த வரி சொல்லு.

தமிழ்செல்வி: நீங்க சொல்லுங்க. நீங்கதான் டிரைவரு. தெனம் காலைல வண்டி எடுக்கறதுல இருந்து ஒவ்வொன்னா சொல்லுங்க. இன்னா செய்வீங்க?

ரத்தினவேல்: மொதல்ல டயர்ல ஏர் பார்ப்பேன். பிரேக் பார்ப்பேன். மிரரத் தொடைப்பேன். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர். அப்புறம் சீட் பெல்ட். செல்ஃப் அடிச்சு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு...

தமிழ்செல்வி: நில்லுங்க. இதுல எத்தன தமிழ் வார்த்தை சொன்னீங்க?

ரத்தினவேல்: என்னது?

தமிழ்செல்வி: டயர், ஏர், பிரேக், மிரர், ஹெட்லைட்டு. எல்லாம் இங்கிலீஷ்தானேங்க?

ரத்தினவேல்: அட. ஆமா. ஸ்பீடு பிரேக்கர், ஓவர்டேக், யூ டர்ன், நோ பார்க்கிங்... டிராஃபிக் ஜாம், பெர்மிட், லைசென்ஸ், ஸ்டெப்னி...

தமிழ்செல்வி: ஸ்டெப்னிய எழுதாதீங்க. அதுக்கு ஸ்பெல்லிங் திருத்துற வாத்தியாருக்கே தெரியாது.

ரத்தினவேல்: இரு செல்வி, இரு. ஓப்பன் பண்ணா இது பாட்டுக்கு வருது. லெஃப்ட் சைடு, ரைட் சைடு, ரிவர்ஸ், ஸ்லோ, ஸ்டாப், கோ... இவ்ளோ இங்கிலீஷையும் வாயில வெச்சுக்கிட்டா இத்தன நாள் சுத்திட்டு இருந்தேன்?

தமிழ்செல்வி: நடுவுல நடுவுல இஸ், தி, மஸ்ட் போட்டா ஸ்பீச்சு ஆயிடும்.

ரத்தினவேல்: “டிரைவர் மஸ்ட் செக் தி பிரேக். டிரைவர் மஸ்ட் செக் தி டயர். டிரைவர் மஸ்ட் யூஸ் தி இண்டிகேட்டர்...” போதும் போதும்னு இருக்கு. நோட்டு பத்தாது போலிருக்கு.

தமிழ்செல்வி: “டிரைவர் மஸ்ட் நாட் லுக் அட் தி வொய்ஃப்.”

ரத்தினவேல்: அதுக்கு மைனஸ் மார்க் போடுவான். நகரு, கிட்ட வராத, எழுத விடு... ஏய், பேனாவப் புடுங்காத, சிரிக்காத, கை ஆடுது பாரு...

கங்கப்பன்: சார். சார். ஏன் சார் இது. கொஞ்சம் சத்தம் கம்மி பண்ணுங்க.

ரத்தினவேல்: ஆங்... வாங்க வாங்க. செல்வி, இவர்தான் அந்த ஃபாரஸ்ட் வாட்சர். நம்மள நிறுத்துனவரு. உங்க பேரு என்னங்க?

கங்கப்பன்: கங்கப்பன் சார். பதினெட்டு வருஷமா இந்தக் காட்டுல வாட்சர். அம்மா இவ்ளோ சிரிக்குது, சத்தம் ஓடை வரைக்கும் கேக்குது. ஆனே எல்லாம் அங்க மூங்கில்கிட்ட நிக்குது. அஞ்சு பெருசு, ஒரு மரி.

தமிழ்செல்வி: மரின்னா?

கங்கப்பன்: குட்டிம்மா. நாங்க கன்னடத்துல மரின்னு சொல்வோம். சின்னது. போன மாசம் பொறந்தது. அதைய நடுவுல வெச்சுதான் ரோட்டைக் கடக்கும். சத்தம் வந்தா கடக்காது. சாயங்காலம் வரைக்கும் நீங்களும் இங்கதான்.

ரத்தினவேல்: மன்னிச்சுக்கங்க. இவளுக்கு நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை. ஸ்பீச் எழுதிட்டு இருந்தோம்.

கங்கப்பன்: பரீட்சைக்கு இவ்ளோ சிரிப்பா? எங்க ஊட்ல பரீட்சைன்னா அழுவுறாங்க.

தமிழ்செல்வி: எங்க வாத்தியார் அப்படிங்கண்ணா. உக்காருங்க. எதிர்ல ஆள் இருந்தாதான் ஸ்பீச்சு. நீங்கதான் சீஃப் கெஸ்ட்டு.

கங்கப்பன்: எனக்கு இங்கிலீஷ் வராதும்மா.

தமிழ்செல்வி: சீஃப் கெஸ்ட்டு பேச வேணாம், உக்காந்தா போதும். அந்த முன் சீட்டுல உக்காருங்க.

கங்கப்பன்: மாலை இல்லையா?

ரத்தினவேல்: பார்த்தியா, அவரே ஜோதில கலந்துட்டாரு. செல்வி, எந்திரி. போய் முன்னாடி நின்னு படி.

தமிழ்செல்வி: நானா? எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்க. அத அப்படியே மனசுல புடிச்சுக்கிறேன்.

ரத்தினவேல்: பரீட்சை உனக்கா எனக்கா?

தமிழ்செல்வி: ...எனக்குதான்.

கங்கப்பன்: சார் சொல்லுங்க சார். அம்மா கேக்குது இல்ல. மெல்லமா சொல்லுங்க. ஆனேக்குக் கேக்காம.

ரத்தினவேல்: யானைக்குக் கேக்காம ஸ்பீச்சா... சரி. தண்ணி பாட்டில குடு. மைக்கு வேணும்ல. எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும்?

தமிழ்செல்வி: சீட்டுங்களப் பார்த்து. ஸ்டியரிங்குக்கு முதுகக் காட்டி.

ரத்தினவேல்: அதுதான் கஷ்டம். ஆறு வருஷமா இந்தச் சீட்டுங்களுக்கு முதுகத்தான் காட்டியிருக்கேன். இப்பதான் மொத தடவ இவ்ளோ நேரம் பார்க்கிறேன்.

தமிழ்செல்வி: ஆரம்பிங்க.

ரத்தினவேல்: ம்க்கும். “ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட் மிஸ்டர் கங்கப்பன்...”

கங்கப்பன்: மிஸ்டர் போட்டுட்டாரு.

ரத்தினவேல்: “...அண்ட் மை டியர் ஃபிரெண்ட்ஸ். எ வெரி குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல். ஐ ஆம் கோயிங் டு ஸ்பீக் அபவுட் ரோடு சேஃப்டி.”

தமிழ்செல்வி: அங்க கை தட்டணும்.

கங்கப்பன்: கை தட்டக் கூடாதும்மா. மரி பயந்துக்கும்.

தமிழ்செல்வி: அப்ப விரல் மட்டும். இப்படி. ரெண்டு விரலால.

ரத்தினவேல்: கல்யாண வீட்டுல கொசு அடிக்கிற மாதிரி இருக்கு. பேசவா வேணாமா?

தமிழ்செல்வி: பேசுங்க பேசுங்க.

ரத்தினவேல்: “ரோடு சேஃப்டி இஸ் வெரி இம்பார்ட்டன்ட். டிரைவர் மஸ்ட் செக் தி பிரேக். டோன்ட் டிரைவ் ஃபாஸ்ட். டோன்ட் யூஸ் செல்போன். ரோட்ல நடந்து போறவங்க...” அதுக்கு ஒரு வார்த்தை இருக்கே. பெட்... பெடஸ்... பெடஸ்டல் ஃபேன் மாதிரி ஒன்னு.

தமிழ்செல்வி: பெடஸ்ட்ரியன்.

ரத்தினவேல்: ஆங், பெடஸ்ட்ரியன். உனக்கு எப்படி டக்குனு வந்துச்சு?

தமிழ்செல்வி: அது... ஓசூர்ல பாலத்துக்குக் கீழ போர்டு இருக்குதுங்க. தெனம் பார்க்கிறேன் இல்ல.

ரத்தினவேல்: “பெடஸ்ட்ரியன் இஸ் காட்.” சாமி மாதிரின்னு அர்த்தம். சரியா?

தமிழ்செல்வி: நல்லாதான் இருக்கு. மேல சொல்லுங்க. ஒரு உதாரணம் சொன்னா மார்க் கூட வருமாம். நெசமா நடந்தது ஏதாவது.

ரத்தினவேல்: உதாரணத்துக்கு எங்க போறது?

தமிழ்செல்வி: தளி ரோட்டுல அந்தப் பனி நாளு.

ரத்தினவேல்: அதெல்லாம் இங்கிலீஷ்ல வராது செல்வி.

தமிழ்செல்வி: தமிழ்ல வருதா? தமிழ்லயும் நீங்க எனக்கு முழுசா சொன்னது இல்ல. பஸ்ல வந்த மோகனப்ரியா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கங்கப்பன்: என்னா சார் அது?

ரத்தினவேல்: ஒன்னும் இல்ல... சரி. முயற்சி பண்றேன். “ஒன் டே... டிசம்பர். மார்னிங். ஃபுல் ஃபாக். ஐ ஆம் டிரைவிங். ஃபார்ட்டி எய்ட் பீப்பிள் இன் மை பஸ். ஆல் ஸ்லீப்பிங்.”

தமிழ்செல்வி: ம்.

ரத்தினவேல்: “ஐ கோ வெரி ஸ்லோ. பேக்ல இருந்து எவ்ரிபடி ஹாரன். கார், லாரி, பைக். தே ஸ்கோல்ட் மீ. ஐ டோன்ட் கேர். தென்... ஒன் ஸ்மால் கேர்ள். ஒயிட் யூனிஃபார்ம். ஃபாக் ஆல்ஸோ ஒயிட். ஷி ரன். மில்க் கேன் இன் ஹெர் ஹேண்ட்.”

கங்கப்பன்: அய்யோ.

ரத்தினவேல்: “ஐ பிரேக். பஸ் ஸ்டாப். கேர்ள் அண்ட் பஸ்... ஒன்லி திஸ் மச் கேப்.” இவ்ளோதாங்க இருந்துச்சு. ஒரு முழம்.

கங்கப்பன்: புரியுது சார். நிறுத்தாதீங்க.

ரத்தினவேல்: “ஷி லுக் அட் மீ. ஐ லுக் அட் ஹெர். ஷி... லாஃப். ஸ்மால் கேர்ள், ஷி டோன்ட் நோ. ஷி டேக் தி மில்க் அண்ட் கோ. பட் டென் மினிட்ஸ் ஐ கான்ட் டிரைவ். ஐ திங்க்... ஐ திங்க் ஆஃப் மை டாட்டர். மை டியர் ஃபிரெண்ட்ஸ். இஃப் ஐ கோ ஃபாஸ்ட், ஐ ரீச் ஃபைவ் மினிட்ஸ் பிஃபோர். வாட் ஈஸ் தி யூஸ்? கோ ஸ்லோ. எவ்ரிபடி இஸ் சம்படிஸ் டாட்டர். தேங்க் யூ.” என்னங்க, எப்படி? அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?

கங்கப்பன்: சார், நான் நாலாவது வரைக்கும்தான். கன்னட ஸ்கூலு. ஆனா ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது சார். இதுதான் இங்கிலீஷ்னா, நான் ஏன் இத்தன நாளு பயந்தேன்?

ரத்தினவேல்: என்னையே கேக்குறீங்களா. நான் மட்டும்...

தமிழ்செல்வி: நீங்க மட்டும் இன்னா?

ரத்தினவேல்: ஒன்னும் இல்ல. நீ ஏன் கண்ணத் தொடைக்கிற?

தமிழ்செல்வி: தூசு. கண்ணாடியெல்லாம் தொறந்து வெச்சிருக்கீங்க.

ரத்தினவேல்: காத்தே இல்ல, தூசு எங்க இருந்து வந்துச்சு?

கங்கப்பன்: ஷ்ஷ். சார். பேசாதீங்க. அசையாதீங்க. முன்னாடி பாருங்க.

தமிழ்செல்வி: எங்க?

கங்கப்பன்: அந்த மைல்கல்லுகிட்ட. வந்துடுச்சு.

தமிழ்செல்வி: ஆத்தாடி. எவ்ளோ பெருசு. நம்ம பஸ் உசரம் இருக்குது.

ரத்தினவேல்: மெதுவா பேசு. ஒன்னு... ரெண்டு...

தமிழ்செல்வி: குட்டி. குட்டியப் பாருங்க. அதுக்குக் காலு நாலும் நாலு பக்கம் போவுது.

கங்கப்பன்: புதுசும்மா. இன்னும் ஓட்டிப் பழகல.

ரத்தினவேல்: எல்-போர்டு.

தமிழ்செல்வி: சிரிக்க வெக்காதீங்க... அய்யோ, வாயப் பொத்தினாலும் வருதே...

கங்கப்பன்: அம்மா, அம்மா, சாமி பேர் சொல்லிக் கேக்கிறேன்...

ரத்தினவேல்: அது ஏன் நடு ரோட்டுல நின்னுடுச்சு? நம்மளையே பார்க்குது.

கங்கப்பன்: உங்க பஸ் மஞ்சக் கலரு. பார்க்கட்டும். பார்த்துட்டுப் போவட்டும்.

தமிழ்செல்வி: அம்மாக்காரி தும்பிக்கையால தள்ளுது பாருங்க. “நடடா, பின்னாடி வண்டி நிக்குது”ங்குது.

ரத்தினவேல்: நாலு... அஞ்சு... குட்டியோட ஆறு. லெஃப்ட்ல இருந்து ரைட்டுக்கு, ஒருத்தரும் ஓவர்டேக் பண்ணல. அந்தக் கடைசிது பார்த்தியா, ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டுதான் போச்சு.

கங்கப்பன்: இதுங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேணாம் சார். ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல இருந்து பைக்குல வருதே கும்பலு, அதுங்களுக்குச் சொல்லுங்க. நடு ரோட்டுல நின்னு செல்ஃபி.

தமிழ்செல்வி: அதையும் எழுதிக்கங்க. “டோன்ட் டேக் செல்ஃபி வித் எலிஃபன்ட்.”

கங்கப்பன்: எழுதுங்க சார். என் பேரையும் போடுங்க. போயிடுச்சு எல்லாம். அஞ்சு நிமிசம் இருந்து மெல்ல எடுங்க. ஹாரன் பேடா.

ரத்தினவேல்: அடிக்க மாட்டேங்க. ரொம்ப நன்றி.

கங்கப்பன்: சார், ஒன்னு சொல்லட்டா? நாளைக்கு அம்மாவ அனுப்பாதீங்க. நீங்களே போய் எழுதுங்க. நூத்துக்கு நூறு. வர்றேன்மா.

தமிழ்செல்வி: போய்ட்டு வாங்கண்ணா. நல்ல மனுசன். இல்லீங்க?

ரத்தினவேல்: ம்.

தமிழ்செல்வி: இன்னா ம்? வண்டிய எடுக்கலையா? இப்பவே முக்கா மணி நேரம் லேட்டு.

ரத்தினவேல்: அஞ்சு நிமிஷம் இருக்கச் சொன்னார்ல. செல்வி... ஒன்னு சொல்லணும். நீ திட்டிக்க. ஆனா நாளைக்கு முடிஞ்சப்புறம் திட்டு. இன்னைக்கு வேணாம்.

தமிழ்செல்வி: பயமுறுத்தாதீங்க. இன்னா?

ரத்தினவேல்: நாளைக்கு உன்ன அந்த ஸ்கூல் வாசல்ல இறக்கி விட்டுட்டு வெளிய நிப்பேன்னு சொன்னேன்ல. நிக்க மாட்டேன். நானும் உள்ள வர்றேன்.

தமிழ்செல்வி: உள்ள இன்னாத்துக்கு?

ரத்தினவேல்: எழுத. நான் பிளஸ் டூ இல்ல செல்வி. பத்தே தாண்டல. எல்லாப் பாடமும் பாஸு, இங்கிலீஷ் மட்டும் முப்பத்தொன்னு. நாலு மார்க்குல போச்சு. திரும்பவும் ரெண்டு தடவ எழுதுனேன், இன்னும் குறைஞ்சுது. அதோட விட்டுட்டு லாரிக்கு கிளீனரா போயிட்டேன்.

தமிழ்செல்வி: பொண்ணு பார்க்க வந்தப்ப பிளஸ் டூன்னு சொன்னாங்களே.

ரத்தினவேல்: நான் சொல்லல. எங்க மாமா சொல்லிட்டாரு. அப்ப என் வாயில முறுக்கு. முழுங்கிட்டு இல்லைன்னு சொல்றதுக்குள்ள, உங்கப்பா “மாப்பிள்ளை படிச்சவரு”ன்னு உங்க ஊரு நாகரசம்பட்டியில பாதிப் பேர்கிட்ட சொல்லிட்டாரு.

தமிழ்செல்வி: ஒரு முறுக்கு முழுங்க எட்டு வருசமாங்க?

ரத்தினவேல்: சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வேற, போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் “எங்க ஊட்டுக்காரர் பிளஸ் டூ, எங்க பொண்ணு ஸ்வாதிக்கு அவர்தான் ஹோம்வொர்க் பார்ப்பாரு”ங்குற. அந்தப் புள்ளையோட ரெண்டாங்கிளாஸ் புக்க நான் மொத நாள் பஸ்ல வெச்சுப் படிச்சுட்டு, அடுத்த நாள் சொல்லிக் குடுக்குறேன். உனக்கு எங்க தெரியும்.

தமிழ்செல்வி: இப்ப எதுக்குத் திடீர்னு பரீட்சை?

ரத்தினவேல்: கம்பெனில கான்ட்ராக்ட் டிரைவருங்கள பர்மனென்ட் பண்றாங்க. பத்தாங்கிளாஸ் பாஸ் சர்டிஃபிகேட் கேக்குறாங்க. ஊர்ல இருக்கு, கொண்டு வர்றேன்னு ரெண்டு மாசமா இழுத்துட்டு இருக்கேன். அதுக்கு மேல... நீ ஒன்பதோட நின்னவ, தைரியமா எழுதுன. ஃபெயில் ஆனதையும் வந்து என்கிட்ட அப்படியே சொன்ன. மறுநாளே புக்கத் தூக்கிட்டு வந்து, சொல்லிக் குடுங்கன்னு உக்காந்த. அன்னைக்கு என் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல.

தமிழ்செல்வி: அப்ப இந்த ஒன்றரை மாசம் எனக்குச் சொல்லிக் குடுத்தது?

ரத்தினவேல்: உன்ன சாக்கா வெச்சு நான் படிச்சேன். அதுவும் ஒரு பொய்தான். ஹால் டிக்கெட் இங்கதான் இருக்கு. மேல, வெயில் மறைப்புக்குப் பின்னாடி. எடுத்துப் பாரு.

தமிழ்செல்வி: ...போட்டோவுல முடிய நல்லா படிய வாரியிருக்கீங்க.

ரத்தினவேல்: அவ்ளோதானா?

தமிழ்செல்வி: வேற ஏதாவது பொய் மிச்சம் இருக்கா? இருந்தா சேர்த்துச் சொல்லிடுங்க.

ரத்தினவேல்: பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு, கேசரி நீதான் செஞ்சேன்னாங்க. நல்லா இருக்குன்னேன்.

தமிழ்செல்வி: அது எங்க சித்தி செஞ்சது. நானும் வாயில வெக்கல.

ரத்தினவேல்: செல்வி, நீ திட்டவே இல்ல.

தமிழ்செல்வி: நாளைக்குத்தானே திட்டச் சொன்னீங்க.

ரத்தினவேல்: சிரிக்கிற. நான் எவ்ளோ பயந்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா. அப்பாடா... நெஞ்சு லேசாயிடுச்சு. சரி, இனிமே என்ன, ஒன்னாவே போவோம். ரெண்டு பேருக்கும் ரெண்டு பேனா. ஒரே சென்டர்தானே? ரூம் நம்பர் ஒன்னா இருந்தா, வாத்தியார்கிட்ட சொல்லி நான் வேற ரூமுக்குப் போயிடுவேன். உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு சிரிப்புதான் வரும். உன் ஹால் டிக்கெட்ட எடு, பார்ப்போம்.

தமிழ்செல்வி: வண்டிய எடுங்க. அஞ்சு நிமிசம் ஆயிடுச்சு.

ரத்தினவேல்: எடுக்குறேன், எடுக்குறேன். மொதல்ல ஹால் டிக்கெட். பைலதானே வெச்சிருக்க?

தமிழ்செல்வி: பையில இல்லீங்க.

ரத்தினவேல்: வீட்டுலயே விட்டுட்டியா? விளையாடாத செல்வி. விடிஞ்சா பரீட்சை.

தமிழ்செல்வி: எனக்கு ஹால் டிக்கெட்டே வரல... நான் மார்ச்லயே பாஸ் ஆயிட்டேங்க, இங்கிலீஷ்ல அம்பத்தெட்டு. அந்த மார்க் லிஸ்ட்ட பிரிண்ட் எடுக்கப் போனப்பதான் கம்ப்யூட்டர் சென்டர் ஸ்ரீராம், “அக்கா, அண்ணனும் ஜூலைப் பரீட்சைக்கு இங்கிலீஷுக்குப் பணம் கட்டியிருக்காரு, வந்து சொன்னாரா”ன்னு கேட்டான். ஊட்டுக்கு வந்து ஃபெயிலுன்னு உங்ககிட்ட சொன்னேன். பாஸுன்னு சொல்லியிருந்தா, புக்க எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்திருப்பீங்களா?